வைக்கோல் நிற வரிசை

மூன்றாவது வரிசையில் முப்பத்துநாலு இருந்திருக்க வேண்டும். இருபத்தேழுதான் இருந்தது. அருமைநாயகம் இன்னொருமுறை எண்ணினார், இந்தமுறை கீழிருந்து மேலாக, ஒவ்வொரு ஊசியின் தலைக்கும் நேரே சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு. இருபத்தேழு. வெள்ளிக்கிழமை பின்னேரம் தானே எண்ணித் துண்டில் எழுதிப் பெட்டியின் மூலையில் செருகிவிட்டுப் போனது, துண்டு அப்படியே கிடக்கிறது, எழுத்தும் தன்னுடையதுதான். அப்ப நாலாவது வரிசை? அதில் அறுபத்தொன்று என்று துண்டு சொன்னது, பெட்டியில் அறுபத்தெட்டு. ஆக ஒன்றும் தொலையவில்லை, ஏழு பூச்சி வரிசை மாறி நிற்கிறது. சனி ஞாயிறு பூட்டிக்கிடந்த அருங்காட்சியக நிலவறையில், கண்ணாடி மூடி போட்ட பெட்டிக்குள், போன கோடையில் செத்து ஊசியில் ஏறிய பூச்சிகள் தாங்களாக நடந்து பக்கத்து வரிசைக்குப் போகாது. உயிரோடு இருந்தபோது தன் உடம்பின் நீளத்தைப்போல நூறு மடங்கு உயரம் துள்ளிய பூச்சிதான். குஞ்சாய் இருக்கும்போது புல்லின் தண்டில் நுரையை எழுப்பி அதற்குள் ஒளிந்திருக்கும், இந்த நாட்டுச் சனம் அந்த நுரையைக் குயிலின் எச்சில் என்று சொல்லும், அவர் தன் மனைவி மலரிடம் நுரைப்பூச்சி என்று சொல்லி வைத்திருந்தார். ஆனால் செத்த பூச்சி துள்ளாது. ஒரு கை வந்திருக்கிறது. இந்த அறைக்குத் திறப்பு மூன்று பேரிடம் உண்டு. ஒன்று அவருடைய சட்டைப் பையில். ஒன்று மேல்மாடியில் பொறுப்பாளர் ஷ்டெஃபானிடம். மற்றது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து, தலை நிமிராமல், சின்ன இடுக்கியால் அட்டைத்துண்டில் பசை தொட்டுக்கொண்டிருக்கிற ரெகுலாவிடம்.

கேட்டுவிடலாம். ரெகுலா, இந்தப் பெட்டியைத் தொட்டீர்களா என்று ஒரு வசனம், பதினொரு வருடம் எதிரெதிரே இருந்து வேலை செய்கிற பெண்ணிடம் கேட்கக் கூடாததா. ஆனால் கேட்டால் அவள் இல்லை என்று சொல்லுவாள், சொன்னபிறகு அவளுக்குத் தெரிந்துவிடும் இவருக்குத் தெரிந்துவிட்டதென்று, அடுத்தமுறை இன்னும் கவனமாய்ச் செய்வாள், துண்டில் உள்ள எண்ணையும் சேர்த்து மாற்றுவாள். கேட்காமல் இருப்பதுதான் கெட்டித்தனம். பார்த்துக்கொண்டிருப்பது. இன்று காலை அவள் வணக்கம் சொன்னபோது வழமையைவிட ஒரு கணம் பிந்திச் சொன்னாளா? கோட்டைக் கொளுவியில் மாட்டிவிட்டு இந்தப் பெட்டிப் பக்கம் ஒருதரம் பார்த்தாளா, இல்லை யன்னலைப் பார்த்தாளா? யன்னலுக்கும் பெட்டிக்கும் ஒரே திசை. வியாழக்கிழமை ஜெனீவாவில் இருந்து அந்த ஆராய்ச்சிக்காரப் பெண்மணி வருகிறா. மூடப்பட்ட உருக்காலைக்கு மேலே உள்ள புல்வெளியில் ஐம்பது வருடத்துக்கு முந்திப் பிடித்த பூச்சிகளையும் போன கோடையில் பிடித்தவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கரி படிந்த காலத்தில் கறுத்த பூச்சிகள் கூட இருந்து இப்போது வெளிறியவை கூடிவிட்டனவா என்று எண்ணப்போகிறா. எண்ணிக்கைதான் எல்லாம். எந்த வரிசையில் எத்தனை. அதற்கு மூன்று நாளைக்கு முந்தி ஏழு பூச்சி இடம் மாறுகிறது. போன மாதம் ஷ்டெஃபான் கூட்டத்தில் சொன்னான், நிலவறையில் இரண்டு பேருக்கான வேலை இருக்கிறதா என்று அடுத்த ஆண்டுக்கு யோசிக்கவேண்டும் என்று. சொன்னபோது மிக மரியாதையாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அந்த மரியாதைதான் அருமைநாயகத்தின் வயிற்றில் இன்னும் கிடக்கிறது. இரண்டு பேர் வேண்டாம் என்றால் ஒருவர். அவருக்கு ஓய்வூதியத்துக்கு நாலு வருடம் கிடக்கிறது, அவளுக்குப் பதினாறு. யாரை வைத்துக்கொள்வார்கள். யார் பிழை விடுகிறாரோ அவரை விட்டு மற்றவரை. சரி, பிழை விடாதவரைப் பிழை விட்டவராய்க் காட்டுவதற்கு ஏழு ஊசி போதும்.

ஒவ்வொரு ஊசியிலும் பூச்சிக்குக் கீழே இரண்டு துண்டுக் கடுதாசி. ஒன்றில் இடமும் நாளும் பிடித்தவர் பெயரும். அதற்குக் கீழே மற்றத் துண்டில், எறும்பின் கால் அளவு எழுத்தில், இனங்கண்டவர் க. அருமைநாயகம். இந்த நாட்டுக்கு வந்து முதல் ஒன்பது வருடம் உணவகக் குசினியில் கோப்பை கழுவியபோது அவர் பெயரை யாரும் முழுதாய்ச் சொன்னதில்லை, நாயா என்றார்கள், நாகா என்றார்கள், சம்பளக் கடிதத்தில்கூட இரண்டு எழுத்து விழுந்துவிட்டிருந்தது. ஊரில் விலங்கியல் ஆய்வுகூடத்தில் மாணவர்களுக்குத் தவளை அறுத்துக் காட்டிய கை இது என்று குசினியில் யாருக்கு வேண்டும். பிறகு ஒருநாள் பத்திரிகையில் அருங்காட்சியகத்துக்கு ஊசி குத்த ஆள் தேவை என்று கண்டு வந்தவர்தான். இன்றைக்கு இருபதினாயிரம் பூச்சிக்குக் கீழே அவருடைய பெயர் ஒரு எழுத்தும் விழாமல் நிற்கிறது. அவர் செத்தபிறகும் நிற்கும். நூறு வருடம் கழித்து யாரோ ஒருவர் பெட்டியைத் திறந்து, யார் இந்த ஆள், நன்றாய்ப் பார்த்திருக்கிறான் என்று சொல்லக்கூடும், அப்படி ஒரு ஆசை, மலரிடம்கூடச் சொல்லாத ஆசை. இப்போது அந்த ஏழும் தன் பெயரைச் சுமந்துகொண்டே பிழையான வரிசையில் நிற்கின்றன. வைக்கோல் நிறத்தில் வெறுமையாய் இருப்பவை மூன்றாவது வரிசை. மண்ணிறத்தில் திட்டுத் திட்டாய் இருப்பவை நாலாவது. அதற்கப்பால் முதுகில் மூன்று கோடு ஓடுபவை, கறுப்பில் ஓரம் மட்டும் வெளிறியவை, கறுப்பில் தலை மட்டும் வெள்ளையானவை, நாலு பொட்டு வைத்தவை, முழுக் கறுப்பு. பழைய காலத்து அறிஞர்கள் ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு இனம் என்று நினைத்து ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள், பிறகுதான் எல்லாம் ஒரே பூச்சி என்று தெரிந்தது. ஒரே தாயின் வயிற்றில் வைக்கோலும் கறுப்பும் பிறக்கும். அண்ணன் தம்பி இனங்களில் இருந்து பிரிக்க நிறத்தை நம்பவே கூடாது, ஆண்பூச்சியின் வால் நுனியை எடுத்துப் பார்க்கவேண்டும். ஆனால் இந்தப் பெட்டிக்கு நிறம்தான் கணக்கு. நிறத்தைப் பார்த்து, இவன் இந்த வரிசை, அவன் அந்த வரிசை.

வரிசை. அந்தச் சொல்லில் மனம் எப்போதும் தடக்கும். ஊர்ப் பள்ளிக்கூட மைதானம், காலை ஒன்பது மணி வெயில், ஒலிபெருக்கியில் பதினைந்தில் இருந்து நாற்பது வயதுவரை ஆண்கள் எல்லாம் வரவேண்டும் என்று கூப்பிட்டு, வரிசை வரிசையாய் நிற்கவைத்து, ஒவ்வொருவராய் ஜீப்புக்கு முன்னால் நடக்கவிட்டார்கள். ஜீப்பின் முன் இருக்கையில் தலையாட்டி, இயக்கக்காரரை ஆமிக்குக் காட்டிக்குடுக்கிறவன். இடுப்புவரை சாக்கு மூடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் தலை ஆட்டினால் ஆமிக்காரன் கையைப் பிடித்து இடப்பக்கம் விடுவான், ஆட்டாவிட்டால் வலப்பக்கம் போய்க் குந்தலாம். அருமைநாயகத்துக்கு இருபத்திரண்டு வயது. நடந்தார். சாக்கு அசையவில்லை. குந்தியபிறகுதான் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நாலாவதாய்க் கூட்டாளி நகுலேசன் வந்துகொண்டிருந்தான். முதல்நாள் மழையில் நனைந்து வந்து அவருடைய வீட்டில் படுத்தவன், விடிய அவருடைய சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தவன். செங்கல் நிறச் சேட்டு, நெஞ்சுக்குக் குறுக்கே இரண்டு கறுப்புக் கோடு, அந்த ஊரில் அப்படி ஒன்று வேறு யாரிடமும் இல்லை. சாக்கு ஒருதரம் முன்னால் சரிந்தது. மாடு ஈ கலைக்கிறது போல, அவ்வளவுதான், ஆட்டினதா அசைந்ததா என்றே தெரியாது. இடப்பக்கம். அதற்குப் பிறகு நகுலேசனை யாரும் காணவில்லை. அந்தத் தலை ஆளுக்கு ஆட்டியதா, சேட்டுக்கு ஆட்டியதா? சேட்டுக்கு என்றால் தேடியது யாரை? முப்பத்தெட்டு வருடமாய் அந்த இடத்துக்கு வந்து மனம் திரும்பிப் போகும், அதற்கங்கால் போகாது. அதற்கங்கால் இருப்பது மறுநாள் காலை. நகுலேசனின் தாய் வாசல் படலையில் நின்றா. முகாமில் அடையாளம் கேட்கிறார்கள், எழுதிக் குடுக்கவேண்டும் என்றா. தம்பி, அவன் என்ன நிறச் சேட்டுப் போட்டிருந்தவன்? அருமைநாயகம் சொன்னார், வெள்ளை, மாமி. நினைத்துச் சொல்லவில்லை, வாய் சொன்னது. செங்கல் நிறம் என்றால் அது யாருடையது என்று அடுத்த கேள்வி வரும். அந்த மனுசி முகாம் முகாமாய் வெள்ளைச் சேட்டுப் போட்ட பொடியனை ஐந்து வருடம் கேட்டுத் திரிந்தா.

சாக்குக்குள் யார் என்பதை அதன்பிறகு அவர் கண்டுபிடிக்காத நாளில்லை. தபால்கந்தோர்க்காரன். தேத்தண்ணிக்கடை மகன். இந்த நகரத்தில் புகையிரத நிலையத்துக்குப் பின்னால் தமிழ்க்கடை வைத்திருக்கிற சோதிலிங்கம் அதே ஊர்தான். அந்த வயதுதான். ஊர்க்காரர் எல்லோரும் எப்பவாவது ஒருமுறை நகுலேசன் கதையை எடுப்பார்கள், சோதிலிங்கம் மட்டும் ஒருநாளும் எடுத்ததில்லை. ஏன் எடுக்கவில்லை? கையடக்கத் தொலைபேசி மேசையில் அதிர்ந்தது, மலர். ரெகுலாவின் இடுக்கி ஒரு கணம் நின்றது. தமிழ் விளங்காது என்றாலும் நின்றது. மலர் வேலையாய் இருக்கிறியளே என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல், வரும்போது சோதியின் கடையில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கி வரச் சொன்னாள். அவர் பாலத்துக்கு அங்கால் உள்ள கடையில் வாங்குகிறேன் என்றார். அந்தாளோட உங்களுக்கு என்ன கோவம் எண்டுதான் எனக்கு விளங்கேல்லை என்றாள் அவள், பத்து வருடமாய்ச் சொல்லுகிற அதே குரலில். பிறகு சேட்டுக் கதை. ஒரு மாதமாய் அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார், வெள்ளைச் சேட்டு எல்லாம் மஞ்சளடிச்சுப்போச்சு, மலிவுத் தூள் போட்டுத் தோய்க்கிறாய் என்று.

"தூளை மாத்திப்போட்டன். நீங்கள் சொன்ன அந்தத் தூள்தான். ஆனால் ஒண்டு சொல்லுறன் கேளுங்கோ, சேட்டு முந்தியும் வெள்ளைதான், இப்பவும் வெள்ளைதான். பிள்ளையளையும் கூப்பிட்டுக் காட்டினனான்."

பிள்ளையளையும் கூட்டுச் சேர்த்துவிட்டாள். அவர் சரி சரி என்று வைத்தார். சட்டைக்கையை இழுத்துப் பார்த்தார், தேத்தண்ணி தோய்ந்ததுபோல் ஒரு மஞ்சள். இதை வெள்ளை என்கிறாள். வீட்டில் அப்படி, இங்கே இப்படி. எல்லோரும் ஒரு பொருளை இடம் மாற்றி வைத்துவிட்டு, அது எப்போதும் அங்கேதான் இருந்தது என்கிறார்கள். ரெகுலா எழும்பினாள். கோப்பி எடுக்கப் போகிறேன், உங்களுக்கும் வேண்டுமா என்று கேட்டாள், அவர் தலையாட்டினார், ஆட்டியதும் தன் கழுத்தின்மேலேயே ஒரு அருவருப்பு வந்தது. அவளுடைய காலடி படியேறி, வளைவில் திரும்பி, கேளாமல் போனது. மேல்மாடி இயந்திரம் இரண்டு கோப்பைக்கு நாலு நிமிடம் எடுக்கும். வழியில் யாரையாவது கண்டால் பத்து. அருமைநாயகம் மேசையைச் சுற்றிப் போய் அவளுடைய மேசை லாச்சியைத் திறந்தார். இந்த வயதில் அடுத்தவரின் லாச்சியைத் திறக்கிறேன் என்று ஒரு பக்கம் மனம் சொல்லிக்கொண்டிருக்க, கை பசைக்குப்பியையும் அட்டைத்துண்டுகளையும் ஒரு பாதி ஆப்பிளையும் விலக்கி, நீல மட்டை போட்ட கொப்பியை எடுத்தது. பூச்சிகளின் இலக்கங்கள். ஒவ்வொரு இலக்கத்துக்கும் எதிரே அ.நா. என்று எழுதி ஒரு நிறத்தின் பெயர், பிறகு ஒரு அம்புக்குறி, வேறொரு நிறத்தின் பெயர். கடைசி ஏழும் சனிக்கிழமைத் திகதி. சனிக்கிழமை வந்திருக்கிறாள், விடுமுறை நாளில், ஆளில்லாத கட்டடத்துக்கு. பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளத் தள்ளப் போய்க்கொண்டே இருந்தது, ஜனவரி, டிசெம்பர், நவம்பர். முதல் திகதி ஒக்டோபர் ஒன்பது. அறுபத்துமூன்று பூச்சி. நாலு மாதமாய் அவருடைய பெயரை வைத்து ஒரு கோப்புக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவருக்குக் கோபம்கூட உடனே வரவில்லை, முதலில் ஒரு நிம்மதி வந்தது. பிடித்துவிட்டேன், சும்மா நினைக்கவில்லை. கடைசி ஏழில் ஒன்றைக் கழற்றி எடுத்தார், அவள் பிழை என்று காட்ட ஒன்று போதும். நுணுக்குக்காட்டியில் வைத்தார், வைக்கோல் நிறம், ஒரு திட்டுமில்லை, குருடனுக்கும் தெரியும். யன்னலடிக்குக் கொண்டுபோனார், நிலவறை யன்னல் தெருவோடு ஒட்டியது, மாசி மாத வெளிச்சம் நடப்பவர்களின் சப்பாத்துகளுக்கு நடுவே கொஞ்சம் விழுந்தது. கைவில்லையை இடக்கண்ணில் வைத்துப் பிடித்தார். நுணுக்குக்காட்டியின் வலப்பக்கக் கண்குழாய் இரண்டு வருடமாய்த் தளர்ந்துபோய், திருத்தக் குடுக்கவேண்டும் குடுக்கவேண்டும் என்று சொல்லிச் சொல்லியே இடக்கண்ணால் பார்ப்பது பழகிவிட்டது. வைக்கோல். சுத்தமான வைக்கோல். யாரோ பாரக் காலோடு நடந்துபோக யன்னல் சட்டத்தில் இருந்து தூசு விழுந்து கண் கலங்கியது. துடைத்துவிட்டு, வலக்கண்ணுக்கு மாற்றினார். சிறகின் தோளில் ஒரு மண்ணிறத் திட்டு. நடுவில் கோணலாய் இன்னொன்று. நுனியில் மூன்றாவது, மங்கலானது, ஆனால் விளிம்பு தெரிகிற திட்டு. இடக்கண்: இல்லை. வலக்கண்: உண்டு. இல்லை. உண்டு. அவர் வில்லையை இறக்கிவிட்டுச் சுவரைப் பார்த்தார், ஒரு கண்ணைப் பொத்தி, மற்றதைப் பொத்தி. ஒரு சுவர் வெள்ளை. ஒரு சுவர் பழைய கடுதாசி. சட்டைக்கை, யன்னல் சட்டம், மேசையில் கிடந்த பஞ்சு, எல்லாம் இரண்டிரண்டு நிறமாய் இருந்தன. எது எவ்வளவு காலமாய் என்று கணக்குப் பார்க்க மனம் ஓடியது, ஓடிக் களைத்தது. அறுபத்துமூன்று என்பது அவள் கண்டவை. இருபதினாயிரத்தில் அவள் காணாதவை எத்தனை. சப்பாத்துகள் போய்க்கொண்டே இருந்தன. மேசையில் கொப்பி திறந்தபடி கிடக்க, கதவடியில் ரெகுலா இரண்டு கோப்பையோடு நின்றாள்.

அவள் கொப்பியைப் பார்த்தாள், திறந்திருந்த லாச்சியைப் பார்த்தாள். கோப்பைகளை மேசையில் வைக்கும்போது ஒன்று தளும்பியது.

"எவ்வளவு காலமாய்?" என்று அவர் கேட்டார். கேட்டது கொப்பியைப் பற்றியா கண்ணைப் பற்றியா என்று அவருக்கே தெரியவில்லை.

"ஒக்டோபரில்தான் கவனித்தேன்" என்றாள். "வெளிறிய நிறங்களில் மட்டும். கறுப்பில் நீங்கள் ஒருநாளும் பிழை விடுவதில்லை."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

அவள் தளும்பிய கோப்பியைக் கடுதாசியால் துடைத்தாள். நேரம் எடுத்துத் துடைத்தாள். உங்களுக்கே தெரியவரும் என்று ஒவ்வொரு கிழமையும் நினைத்தேன் என்றாள். அவளுக்கு அவர்தான் ஊசி பிடிக்கக் கற்றுத் தந்தவர், அவருக்கு முன்னால் போய் நின்று உங்களுக்குக் கண் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது, சனிக்கிழமைகளில் வந்து திருத்திவிடுவது சுலபமாய் இருந்தது. "தைரியம் இல்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றுமில்லை" என்றாள்.

"ஷ்டெஃபானுக்குத் தெரியுமா?"

"இல்லை. யாருக்கும் தெரியாது."

அவருடைய முகத்தை நேரே பார்த்துத்தான் சொன்னாள். அருமைநாயகம் கோப்பியைக் குடித்தார், சூடு நாக்கில் பட்டது தெரியவில்லை. தைரியம் இல்லை. காலையில் இருந்து அவளைச் சுற்றி அவர் கட்டி எழுப்பிய சூழ்ச்சி எல்லாம், ஓய்வூதியக் கணக்கும், பிந்திச் சொன்ன வணக்கமும், ஒரு கூச்சத்தில் வந்து நின்றுவிட்டது. சாக்குக்குள் இருந்தவனுக்கும் ஒருவேளை ஒரு சேட்டும் தெரிந்திராது, ஒரு பெயரும் தெரிந்திராது, இத்தனை பேருக்கு ஒருதரம் தலை சாயாவிட்டால் தன் முதுகில் அடி விழும் என்ற பயம் மட்டும் இருந்திருக்கும். இதை நம்பலாமா? நம்பினால் சோதிலிங்கத்தின் கடையில் முருங்கைக்காய் வாங்கலாம். ஆனால் வெள்ளை, மாமி என்று சொன்ன வாய்க்கு அதனால் ஒரு விடுதலையும் இல்லை, அதுவும் பயம்தான், அதைவிடப் பெரிய காரணம் ஒன்றுமில்லைத்தான், அதற்காக அது சின்னதாகிவிடவில்லை. அவர் எழும்பினார். நான் போய் ஷ்டெஃபானிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார். இப்போதே போகவேண்டாம், வியாழன் கழியட்டும் என்றாள் ரெகுலா, குரல் கொஞ்சம் அவசரப்பட்டது. அந்த அவசரத்தையும் அவர் எடுத்து வைத்துக்கொண்டார், பழக்க தோஷம். வியாழக்கிழமை அந்தப் பெண்மணி எண்ணப்போவது என் பெயரை நம்பி, அதற்கு முந்திச் சொல்லவேண்டும் என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

ஷ்டெஃபானின் அறையில் யன்னல் பெரிது, வெளிச்சம் கண்ணைக் குத்தியது. மகனின் வயதுக்காரன், எழும்பி நின்று கதிரையைக் காட்டினான். அருமைநாயகம் இருக்கவில்லை. நின்றபடியே, ஜெர்மன் வசனங்களை ஒவ்வொன்றாய் அடுக்கி, இடக்கண் நிறம் பிரிக்கவில்லை, ஒக்டோபரில் இருந்தாவது வெளிறிய வரிசைகளில் பிழை இருக்கிறது, அதற்கு முந்தியும் இருக்கலாம், தன் பெயர் உள்ளவற்றைத் திரும்பப் பார்க்கவேண்டும் என்று சொல்லி முடித்தார். ஷ்டெஃபான் வியப்படையவில்லை. அதுதான் முதலில் உறைத்தது. மேசையில் இருந்த பென்சிலை நேராக்கி வைத்தான்.

"தெரியும், திரு அருமைநாயகம். ரெகுலா ஒக்டோபரிலேயே வந்து சொன்னார். உங்களைத் தொடர்ந்து வேலை செய்யவிடச் சொல்லி, எல்லாவற்றையும் தான் சரிபார்ப்பதாய் எழுதிக் கையெழுத்தும் வைத்துத் தந்திருக்கிறார். உங்களிடம் அவர் சொல்லவில்லையா?"

"சொன்னார்" என்றார் அருமைநாயகம். வாய் சொன்னது.

பிறகு ஷ்டெஃபான் சொன்னவை பாதிதான் காதில் விழுந்தன. தன் தாய்க்கும் இப்படித்தான், கண்புரை, அரை மணித்தியாலச் சத்திரசிகிச்சை, மறுநாள் வீட்டுச் சுவரைப் பார்த்து வெள்ளை அடித்தது யார் என்று கேட்டாவாம். அதுவரை நிறம் பிரிப்பதை ரெகுலா செய்யட்டும், ஊசி குத்துவதும் கறுத்த வரிசைகளும் அவருடையவை. அடுத்த ஆண்டைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லமுடியாது, ஆனால் நீங்களாகவே வந்து சொன்னதை நான் மறக்கமாட்டேன் என்றான். கைகுலுக்கினான். அருமைநாயகம் படியில் இறங்கினார், கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. யாருக்கும் தெரியாது என்றாள். முகத்தை நேரே பார்த்துச் சொன்னாள். போய்ச் சொல்லியிருக்கிறாள், ஒக்டோபரிலேயே, அவர் கண்டுபிடிப்பதற்கு நாலு மாதம் முந்தி, பெயரைச் சொல்லி, பிழையைச் சொல்லி. போய்ச் சொன்னவள்தான் கையெழுத்தும் வைத்திருக்கிறாள். காட்டிக்குடுத்துவிட்டுக் காப்பாற்றினாளா, காப்பாற்றுவதற்காகக் காட்டிக்குடுத்தாளா, அவன் கேட்டதால் சொன்னாளா, தானாய்ப் போனாளா, கையெழுத்து அவருக்காகவா, வரப்போகும் ஆண்டில் தன் பக்கம் ஒரு கடிதம் இருக்கட்டும் என்றா. இதைப் பிடித்துக்கொண்டால் இன்னும் முப்பத்தெட்டு வருடத்துக்குப் போதும். வளைவில் நின்றார். இந்த வளைவுக்கு அங்கால் மூன்று படி, பிறகு கதவு. அவளுக்குத் தெரியும் ஷ்டெஃபான் என்ன சொல்லியிருப்பான் என்று, அதனால்தான் வியாழன் கழியட்டும் என்றாள். இப்போது அவள் கோப்பையைக் கழுவிக்கொண்டு, இவர் என்ன முகத்தோடு வரப்போகிறார் என்று காத்திருப்பாள். வெள்ளை, மாமி என்று சொன்னபிறகு, அந்த மனுசி ஒவ்வொரு முகாமில் இருந்தும் திரும்பி வந்தபோது, அவரும் அப்படித்தான் அந்த முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

ரெகுலா தொட்டியடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பாமலே கேட்டாள்.

"ஷ்டெஃபானுக்கு முன்பே தெரிந்திருந்ததா?"

"இல்லை" என்றார் அவர். "நான் சொல்லித்தான் கேள்விப்பட்டார். நல்ல மாதிரித்தான் எடுத்துக்கொண்டார்."

அவளுடைய கைகள் கோப்பையோடு நின்றுவிட்டன. தோள் கொஞ்சம் இறங்கியது. பிறகு தண்ணீரைப் பூட்டினாள், கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள், கையைத் துடைத்தாள், ஒவ்வொன்றும் தனித்தனியாய். நம்பினாளா, இல்லை இவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டதா, முகத்தில் இருந்து ஒன்றும் எடுக்கமுடியவில்லை. அவர் எடுக்கப் பார்க்கவும் இல்லை. தன் கதிரையைத் தூக்கி மேசையைச் சுற்றிக் கொண்டுபோய் அவளுடைய கதிரைக்குப் பக்கத்தில் போட்டார். இன்னும் பிரிக்காத பூச்சிகள் நூற்றிச்சொச்சம் கிடந்தன, வியாழனுக்கு மூன்று நாள். வெற்றுத் துண்டுக் கடுதாசிகளை எடுத்து, இனங்கண்டவர் என்ற சொல்லுக்குப் பிறகு ரெகுலாவின் முழுப்பெயரையும் ஒரு எழுத்தும் விழாமல் எழுதத் தொடங்கினார், ஐந்தாறு எழுதி உலரவிட்டார். அவள் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள், பிறகு வந்து பக்கத்தில் இருந்தாள். அவர் முதல் ஊசியை இடுக்கியால் பிடித்து விளக்குக்குக் கீழே நீட்டினார்.

"இது?"

அவள் குனிந்து பார்த்தாள். கனநேரம் பார்த்தாள்.

"வைக்கோல். ஒரு திட்டுமில்லை."

அவருடைய வலக்கண் நல்ல கண்தான், வில்லை சட்டைப் பையில்தான் இருந்தது, கை அந்தப் பக்கம் பாதித் தூரம் போனது. அருமைநாயகம் கையைத் திருப்பி எடுத்தார். அவள் சொன்ன வரிசையில் ஊசியைக் குத்திவிட்டு, அடுத்ததை எடுத்து நீட்டினார்.